முதலில் துளைகளை எண்ணுங்கள்

பழைய சிறு பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, சொந்தக் கையால் சீர்செய்ய இறங்கியிருப்பவர்களுக்கும் இறங்கப் போகிறவர்களுக்கும்,

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிக்கரை, கடற்கரை ஊர்களில் நாற்பது ஐம்பது வயதான பைபர்கிளாஸ் படகுகள் இன்று கிடைக்கிற விலையைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு பழைய கார் விலைக்கு கேட்டலினா என்ற 22 அடிப் பாய்மரப் படகு வந்துவிடும். சிலர் இடத்தைக் காலி செய்தால் போதுமென்று சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவர் அடுத்துச் செய்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். உட்கார்ந்து பட்டியல் போடுகிறார்: கடல் வரைபடம் காட்டும் திரை, சூரியத் தகடு, கயிறுகளையெல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவரும் கப்பிகள், தேக்குக் கைப்பிடிகள், பளபளக்கும் பெயின்ட். இந்தப் பட்டியலை எழுதும் கையை ஒரு நிமிடம் பிடித்து நிறுத்தத்தான் இந்த மடல். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பழைய பைபர்கிளாஸ் படகைக் கெடுத்தது அதன் வயது என்று நினைக்கிறோம். கெடுத்தது அதில் போட்ட துளைகள். ஆகவே சீரமைப்பு என்ற வேலையில் முக்கால்வாசி, பழைய துளைகளை ஒழுங்காக அடைப்பதுதான். மேம்படுத்துகிறோம் என்று சொல்லி நாம் செய்வதில் பெரும்பகுதியோ, புதிய துளை போடுவது.

வயதை முதலில் எடுத்துக்கொள்வோம். கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த 28 அடி ட்ரைட்டன் பாய்மரப் படகை, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த பியர்சன் நிறுவனம் 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்தது. குடும்பத்தோடு போய்வர பைபர்கிளாசில் தொடர்ச்சியாக வார்த்தெடுத்த முதல் படகுகளில் அது ஒன்று. 1967 வரையில் 700க்கு மேல் கட்டினார்கள். அவற்றில் பல இன்னும் தண்ணீரில்தான் இருக்கின்றன; ஜேம்ஸ் பால்ட்வின் என்ற அமெரிக்கர் ‘ஆட்டம்’ என்ற தன் ட்ரைட்டனில் உலகையே இரண்டு முறை சுற்றிவந்தார். தனி ஒரு படகின் சாதனையைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பவர்களுக்கு வேறொன்று சொல்கிறேன். அமெரிக்கக் கடலோரக் காவற்படை 1950களின் தொடக்கத்தில் 40 அடி நீளப் பைபர்கிளாஸ் ரோந்துப் படகுகளைக் கட்டியது. இருபது ஆண்டு உழைத்த பிறகு அவற்றிலொன்றின் உடலிலிருந்து துண்டு வெட்டியெடுத்துச் சோதித்தபோது, வலிமையில் சொல்லிக்கொள்ளும்படியான இழப்பு இல்லை. அந்தக் காலத்தில் கணக்குத் தெரியாமல் அள்ளி அப்பினார்கள், அதனால்தான் அத்தனை கனம் என்று படகுத்துறைகளில் பெருமையாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பலகைக்குப் பழகிய கைகள் புதுப் பொருளை நம்பாமல் கனமாக அடுக்கியது உண்டு, எல்லாரும் அப்படிச் செய்ததில்லை. ஆனாலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய உடல் தானாக இற்றுப்போவதில்லை என்ற அளவுக்கு நம்பலாம். தண்ணீருக்கு அடியில் தெரியும் கொப்புளங்களைக் கண்டு பலர் பதறுகிறார்கள். மேற்பூச்சுக்குள் ஊறிய நீர் அங்குள்ள ரசாயன மிச்சங்களைக் கரைத்து உப்பவைக்கிறது, அவ்வளவுதான். அதனால் மூழ்கிய படகைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

தலைவலி மேல்தளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெருகிய பைபர் படகுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. ஆனால் பொழுதுபோக்குப் பாய்மரப் படகின் தளம் வேறு மாதிரி. அது மூன்றடுக்கு. மேலே மெல்லிய பைபர்கிளாஸ் தோல், கீழே இன்னொன்று, நடுவில் எடை குறைந்த பால்சா மரத்துண்டுகள் அல்லது ஒட்டுப்பலகை. மிதித்தால் அசையாத விறைப்பு இந்த அமைப்பால்தான் கிடைக்கிறது, எடையும் ஏறுவதில்லை. நல்ல பொறியியல்தான், நடு அடுக்கு உலர்ந்திருக்கும் வரை. ஒரு சிறு படகின் தளத்தை அடிமுதல் நுனிவரை நடந்து பாருங்கள்: கைக்கம்பிகளின் கால் ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட், கயிறு கட்டும் கிளீட், கயிற்றை இழுத்து இறுக்கும் வின்ச், பாய்க்கயிறு ஓடும் தண்டவாளத்தில் சில அங்குலத்துக்கு ஒன்று, சன்னல் சட்டம், கைப்பிடி, நங்கூர உருளை. அத்தனையும் நடு மரத்தைக் குத்திக்கொண்டு இறங்குகின்றன. தொழிற்சாலையில் போல்ட்டைச் சுற்றி அப்பிய சீலன்ட், பத்து இருபது ஆண்டில் காய்ந்து பிடிவிட்டுவிடுகிறது. கைக்கம்பியை யாராவது பிடித்துத் தொங்கும்போதெல்லாம் அதன் கால் ஒரு மயிரிழை ஆடுகிறது. அந்த இழையளவு வழி மழைக்குப் போதும். பால்சாவை நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிப் பதிப்பதால் ஈரம் பக்கவாட்டில் மெல்லத்தான் பரவும். ஒட்டுப்பலகையிலோ அடுக்குகளின் வழியே ஓடிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் அவ்வளவாக ஒத்துவராது, மழைத் தண்ணீர்தான் விருந்து. கடலில் ஓடி அடிபட்ட படகைவிட, யாரும் தொடாமல் கொல்லைப்புறத்தில் ஐந்தாறு வருடம் மழையில் நின்ற படகு மோசமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று திருத்தமாகப் பதில் சொல்லும். ஊறிய இடம் ‘தொப்’பென்று மந்தமாக ஒலிக்கும். சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீசால் வரைந்துகொண்டே வந்தால், எல்லாத் தீவுகளும் ஏதோ ஒரு போல்ட்டைச் சுற்றியே இருப்பது தெரியும். அந்த வரைபடம்தான் உங்கள் உண்மையான வேலைப் பட்டியல். நோய் சிறிதாக இருந்தால் வைத்தியமும் சிறிதுதான். பொருத்தியதைக் கழற்றுங்கள், மேல்தோலில் துளையைப் பெரிதாக்குங்கள், வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றி, இரு தோல்களுக்கும் இடையே உள்ள கெட்ட மரத்தைச் சுரண்டி வெளியே எடுங்கள். கறுத்துப்போன காப்பித்தூள் சக்கை மாதிரி வரும். பழுப்பு மஞ்சளாக உலர்ந்த மரம் வரும் வரை நிறுத்தாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் டேப் ஒட்டி, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை நிரப்புங்கள். அது இறுகியதும் அதன் நடுவில் போல்ட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் துளையுங்கள். இனி அந்த இடத்தில் சீலன்ட் தோற்றாலும் தண்ணீருக்குக் கிடைப்பது எபாக்சிச் சுவர், மரம் கிடைக்காது. துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிட்டால் சீலன்ட் அங்கே வளையம் மாதிரித் தங்கும். கீழே வெறும் வாஷர் போதாது, பாரத்தைப் பரப்ப அகலமான தகடு வேண்டும். ஒரு துளைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், காய்வதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. ஐம்பது துளை என்றால் கணக்கு உங்களுக்கே புரியும்.

இப்படிச் செய்யாமல், மேலாக ஒரு சுற்று சீலன்ட் பிதுக்கிவிட்டுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. பூசி மெழுகுவதன் கெடுதல் மரத்தோடு நிற்பதில்லை. பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் கம்பிவடங்கள், தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் எஃகுப் பட்டைகளில் முடிகின்றன; செயின்பிளேட் என்பார்கள். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், அது துருப்பிடிக்காமல் இருப்பது காற்றின் ஆக்சிஜனால்தான். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலத்தை அதுதான் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஊறிய மரத்துக்குள் அடைபட்டிருக்கும் அந்த இரண்டு விரற்கடை நீளத்துக்குக் காற்றே கிடையாது. மேலே பளபளப்பு, கீழே பளபளப்பு, நடுவில் உள்ளரிப்பு. கழற்றிப் பார்க்கும் வரை தெரியாது. கழற்றாதவர்களுக்குப் பலத்த காற்று அடிக்கும் ஒரு நாளில் பாய்மரம் சாயும்போது தெரியும். தளத்தின் மேலேயே நிற்கும் பாய்மரமாக இருந்தால் இன்னொரு விபரீதமும் உண்டு. அடியில் உள்ள மரம் நசுங்க நசுங்க, பாய்மரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வடங்கள் தளரும். படகுக்காரர் ஒவ்வொரு ஆண்டும் வடங்களை இறுக்கும் டர்ன்பக்கிளை இரண்டு சுற்று முறுக்கி இறுக்குவார். அந்த இறுக்கமே பாய்மரத்தை மேலும் கீழே அழுத்தும். பழைய ட்ரைட்டன்களில் பாய்மரத்தைத் தாங்கும் குறுக்கு விட்டம் தொய்ந்துபோவது பேர்போன சிக்கல். வடம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் எவருக்கும் என் முதல் கேள்வி, பாய்மரத்தின் கால் எதன்மேல் நிற்கிறது என்பதுதான்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளைகள் எண்ணிக்கையில் குறைவு, மன்னிப்பதிலும் குறைவு. இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று பிய்ந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும், சாதாரணக் கைப்பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. முந்தைய சொந்தக்காரர் ஹார்டுவேர் கடையில் வாங்கிய பித்தளை வால்வை மாட்டியிருந்தால், கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் செம்பு நிறம் தெரியும். அந்த வால்வு உதிர்வதற்குக் காத்திருக்கிறது என்று பொருள். வெண்கலமோ கடலுக்கென்றே செய்த பிளாஸ்டிக்கோ போடுங்கள். அதைவிட நல்லது, அந்தத் துளை வேண்டுமா என்று கேட்பது. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஓடும் 22 அடிப் படகுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி எதற்கு? ஒரு வாளி போதாதா? வேண்டாத துளையைச் சுற்றிலும் அகலமாகச் சரித்துத் தேய்த்து, பைபர்கிளாஸ் அடுக்கி நிரந்தரமாக மூடிவிட்டால், வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிய கவலை இல்லை. கழித்துக் கட்டுவதும் மேம்பாடுதான்.

இப்போது அந்தப் பொருள் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் விலை எழுதுவதற்கு முன்னால், அதற்கு எத்தனை துளை என்று எழுதுங்கள். மனசு தானாக மாறும். கயிறுகளைப் பின்னுக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைப் பாருங்கள்: பாய்மரத்தடியில் கப்பிகள், வழியில் திருப்பும் உருளைகள், முடிவில் கயிற்றைப் பிடிக்கும் பூட்டுகள்; ஒரு டஜன் துளைக்குக் குறையாது. அதுவும் கூரையின் மெல்லிய பகுதியில். தனியாக ஓட்டுபவருக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஏரியில் இரண்டு பேராகப் போகிறவர் எழுந்து நான்கு அடி நடந்தால் போயிற்று. அலங்காரத்துக்காகப் போட்ட துளைகளின் கதை இன்னும் மோசம். 1970களிலும் 80களிலும் தைவானில் கட்டி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பல படகுகளில், பைபர்கிளாஸ் தளத்தின்மேல் தேக்குப் பட்டிகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருந்தார்கள். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். தேக்கு தேயத் தேயத் திருகாணிகளின் மேலிருந்த மூடிகள் தெறித்து, ஒவ்வொன்றும் மழைக்கு வாசலானது. தேக்கையே பெயர்த்தெறிந்துவிட்டு அடியில் உள்ள தளத்தைப் புதிதாகக் கட்ட நேர்ந்தவர்கள் ஏராளம். மறுபக்கம், துளையே கேட்காத மேம்பாடுகள் இருக்கின்றன, அவற்றை இன்றே செய்யலாம். பழைய வழிவிளக்கில் 25 வாட் குண்டு பல்ப் இரண்டு ஆம்பியர் தின்றது. அதே கூட்டில் எல்இடி போட்டால் பத்தில் ஒரு பங்குதான். ஆழம் காட்டும் கருவியின் உணரியை நடு அடுக்கில்லாத கெட்டியான உடலின் உட்புறமே எபாக்சியில் பதித்துவிடலாம், ஒலி பைபர்கிளாசை ஊடுருவிப் போய்த் திரும்பும். சூரியத் தகட்டைக் கைக்கம்பியிலேயே கவ்விப் பிடிக்கவைக்கலாம். முன்பாயைச் சுருட்டும் உருளைகூட இருக்கிற வடத்தின்மேலேயே ஏறுகிறது. அதன் இழுகயிற்றை நடத்திவர ஒன்றிரண்டு வளையம், அதையும் கைக்கம்பிக் கால்களில் மாட்டலாம்.

“மின்னணுக் கருவிகளை ஆடம்பரம் என்கிறீர்களா? அது உயிர்ப் பாதுகாப்பு இல்லையா?” என்று கேட்பீர்கள். பாதுகாப்புதான். கையடக்க விஎச்எஃப் ரேடியோவும் கைபேசியும் இருந்தால் சிறு படகின் தேவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் தளத்தில் துளை வேண்டாம். ஆனால் ஒரு வரிசை இருக்கிறது. படகு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னால், படகு இருக்க வேண்டும். தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின் விதிப்படி, 1988க்கு முன் வடிவமைத்த படகுகளில்தான் போகலாம். நவீன வழிகாட்டிக் கருவிகளுக்கு அனுமதி கிடையாது. ஜிபிஎஸ் அவசரத்துக்கு மட்டும், முத்திரையிட்ட பெட்டியில். 2022இல் தொடங்கிய பந்தயத்தில் இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார். அவர்கள் மாவீரர்கள், நமக்கு அது அளவுகோல் ஆகாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படகுகளைத் தயார்செய்யும்போது பணமும் நேரமும் எங்கே போகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்: பாய்மரம், வடங்கள், அவை உடலோடு பிணையும் இடங்கள், நீர் புகாத மூடிகள்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. இத்தனை உழைப்பும் எபாக்சியும் கொட்டுவதற்குப் பதில், நல்ல நிலையில் இருக்கும் படகைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டால் என்ன? பல பேருக்கு இதுதான் சரியான புத்தி. சீர்செய்த பழைய படகை விற்றுப் போட்ட காசை எடுத்தவர் அபூர்வம். உங்கள் கூலியைக் கணக்கில் சேர்த்தால் யாருமே இல்லை. படகு ஓட்ட ஆசையா, படகு வேலை செய்ய ஆசையா என்பதை வாங்குவதற்கு முன்பே தனக்குத்தானே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது ஆசை துளியும் இல்லாதவர் இந்த மடலை இத்தோடு மடித்துவிடலாம். இருக்கிறது என்பவருக்கும் ஓர் எல்லை உண்டு. தட்டிப் பார்க்கும்போது தளத்தில் மூன்றிலொரு பங்கு மந்தமாக ஒலித்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள். மேல்தோலையே அறுத்தெடுத்து, முழு நடு அடுக்கையும் மாற்றி, மறுபடி மூடுவது செய்ய முடியாத காரியமில்லை. ஆனால் அத்தனை உழைப்பைப் போடுவதைவிட, நல்ல தளம் உள்ள இன்னொரு கேட்டலினாவைத் தேடுவது மேல். 1969 முதல் 15,000க்கு மேல் கட்டிய படகு அது, அடுத்தது கிடைக்காமல் போகாது. பழைய படகு வாங்கும்போது புதிய பாயையும் நல்ல எஞ்சினையும் பார்த்து மயங்குவோரே அதிகம். அவற்றைப் பணம் கொடுத்து ஒரு வாரத்தில் மாற்றலாம், உலர்ந்த தளத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டிய வேலையை நாமே செய்யலாமா என்ற கேள்வியும் நியாயமானது. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்ற வீம்பு எனக்கில்லை. கம்பிவடத்தின் முனைகளை இயந்திரத்தில் அழுத்திப் பொருத்துவது அதற்கான பட்டறையின் வேலை. கேட்டலினாவின் 250 கிலோ வார்ப்பிரும்பு அடிக்கட்டை ஒரே ஊசியில் தொங்கி மேலும் கீழும் ஆடுவது. அதைக் கழற்ற ஆளும் சங்கிலிக் கப்பியும் அனுபவமும் வேண்டும். ஆனால் துளை அடைக்கும் வேலை நேரெதிர். அதில் வித்தை குறைவு, பொறுமை அதிகம். மணிக்கணக்கில் கூலி வாங்குபவரால் உங்களுக்குக் கட்டுபடியாகும் செலவில் காட்ட முடியாத பொறுமை. சொந்தக்காரர் செய்தால் நன்றாக வரும் வேலை என்று ஒன்று உண்டென்றால் இதுதான். உடம்பைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமையாக மாறிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் தொட முடியாது. கையுறை இல்லாமல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். பைபர்கிளாசைத் தேய்க்கும்போது துணி முகமூடி பயன்படாது, வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும். இறுகிய எபாக்சியின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாளை எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. சீலன்ட் விஷயத்தில் ஆசைப்பட்டு இருப்பதிலேயே பலமானதை வாங்காதீர்கள். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் வகையைப் போட்டால், அடுத்த முறை கழற்றும்போது தளத்தின் தோலும் கூடவே பிய்ந்து வரும். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்கூடப் பிடிக்காது. கைக்கம்பிக்கும் கிளீட்டுக்கும் பியூட்டைல் டேப் போதும். பத்தாண்டு கழித்துக் கழற்ற நேர்ந்தாலும் மென்மையாகவே இருக்கும்.

அழகு வேண்டாமா என்றால், வேண்டும்தான். மங்கிய படகைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் துளை அடைப்பது எவருக்கும் சலிக்கும், வீட்டாருக்கு இன்னும் சீக்கிரம் சலிக்கும். அதனால் படகை முழுக்கப் பிரித்துப் போடாதீர்கள். முதல் கோடையில் செயின்பிளேட், பாய்மரத்தின் கால், அடி வால்வுகள் மூன்றையும் முடித்துவிட்டு, அழுக்குத் தளத்தோடேயே ஓட்டுங்கள். ஓட்டும்போதுதான் எந்தக் கிளீட் இடம் மாற வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்பது தெரியும். மற்ற துளைகளைப் பனிக்காலம் வருவதற்குள் நாலைந்து நாலைந்தாகப் பிரித்துச் செய்துகொள்ளலாம். பெயின்ட் கடைசி. அதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. உள்ளே ஒழுகும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீர் உட்கூரைக்கும் தளத்துக்கும் இடையே நான்கு அடி ஓடித்தான் தலையைக் காட்டும். சன்னல், காற்றுத் துவாரம் எல்லாவற்றையும் டேப்பால் அடைத்துவிட்டு, இலை ஊதும் இயந்திரத்தின் வாயை அறைவாசலில் அட்டை வைத்துப் பொருத்தி, உள்ளே காற்றை மெல்ல ஊதவிடுங்கள். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தளம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்கட்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான்: குமிழ் வரும் இடத்தில் சாக்பீசால் ஒரு வட்டம், அதற்கு ஓர் எண். எண் வரிசைப்படி கழற்றத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்